47-இல் முடியும் எண்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் கேட்டேன். "இன்னைக்கு என்ன வை-ஃபை பாஸ்வேர்டுங்க?"

"நேத்து சொன்னதுதான் மேடம். திங்கக்கிழமைதான் மாறும்" என்றாள் காபிக் கடை கவுண்டரில் நிற்பவள். நான் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் கொண்டைக்காரி. உச்சந்தலையில் பெரிய கொண்டை, அதில் எப்போதும் ஒரு பேனா.

திங்கட்கிழமைதான் மாறும் என்று எனக்குத் தெரியும். காபி மெஷின்மேல் அட்டையில் எழுதியும் ஒட்டியிருக்கிறார்கள். என் லேப்டாப்பே அதை நினைவில் வைத்திருந்து தானாக இணைந்துகொள்கிறது. ஆனாலும் கேட்கிறேன். கேட்காவிட்டால் இன்று யாரிடமும் வாய் திறந்திருக்க மாட்டேன்.

என் வேலை அப்படி. யாரோ நடத்திய கூட்டம், யாரோ எடுத்த நேர்காணல், ஒலிப்பதிவாக மெயிலில் வரும். காதில் மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். எட்டு மணி நேரம் மற்றவர்கள் பேச்சு. அவர்களுடைய இருமல், சிரிப்பு, ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே விழுவது. யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

வீட்டில் இணைப்பு இருந்தது. நான்தான் வேண்டாமென்று துண்டித்தேன். ஒரு தடவை ஐந்து நாள் வாசல் கதவைத் திறக்காமலேயே இருந்துவிட்டேன். ஆறாம் நாள் கடையில் பால் கேட்டபோது குரலே வரவில்லை. கரகரவென்று காற்றுதான் வந்தது. பயந்துபோனேன். இணையம் வேண்டுமென்றால் தெருவில் இறங்கியாக வேண்டும் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

மார்ச் 5, வியாழன்

மூலை மேஜை கிடைத்தது. வேறு செய்தி இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

கடை விடுமுறை. துணி துவைத்தேன். துவைத்ததை மடித்தேன். மடித்ததைப் பிரித்து இன்னொரு தரம் மடித்தேன். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது.

அக்காவின் நினைவு. ஞாயிறென்றால் வந்துவிடுகிறது.

அவளோடு பேசி மூன்று வருஷம் இரண்டு மாதம். அப்பா இறந்த அன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, அவளைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவை ஆறு வருஷம் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி உட்காரவைத்தவள் அவள். மாதம் ஒருமுறை பழப்பையோடு போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டு வந்தவள் நான். அந்த வாக்கியத்தை இங்கேகூட எழுத மாட்டேன்.

முதல் மாதம் இரண்டு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்றாம் தடவை கூப்பிட முகமில்லை. பிறகு வீடு மாறினேன், போன் எண்ணும் மாறியது. புது எண்ணை அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால், அவள் கூப்பிட விரும்பவில்லை என்பது உறுதியாகிவிடும். சொல்லாதவரைக்கும், எண் தெரியாததால்தான் கூப்பிடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கெட்டிக்காரிதான் நான்.

மார்ச் 9, திங்கள்

பாஸ்வேர்டு மாறும் நாள். கொண்டைக்காரி விடுப்பு. அவள் இடத்தில் ஒரு நடுவயது ஆள், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றான். எனக்கு முன்னால் ஆறு பேர். என் முறை வந்ததும் "சொல்லுங்க" என்றான், சொல்லிவிடாதே என்பதுபோல. காபி மட்டும் கேட்டேன். பாஸ்வேர்டு கேட்க வாய் வரவில்லை. அட்டையையும் காணோம்.

மேஜைக்கு வந்து பார்த்தால் வை-ஃபை பட்டியலில் கடையின் பெயர் இரண்டு தடவை. ஒன்றில் பூட்டுப் படம். இன்னொன்றில் பெயருக்குப் பின்னால் 'இலவசம்'. பூட்டு இல்லை, சிக்னல் முழுசாக. பரவாயில்லையே, கடைக்காரர்களுக்கு மனசு வந்துவிட்டதே என்று நினைத்தேன். தொட்டதும் கோப்பைப் படத்தோடு ஒரு பக்கம் திறந்தது. மெயில் முகவரியும் அதன் பாஸ்வேர்டும் கொடுத்தால் இணையம் கிடைக்கும் என்றது.

என் மெயில் பாஸ்வேர்டு இவர்களுக்கு எதற்கு? ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. தோன்றியதை ஒதுக்கிவிட்டுத் தட்டினேன். இணையம் வந்தது. வேலையை முடித்து அனுப்பினேன். யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மெயில் திறக்கவில்லை. பாஸ்வேர்டு தவறு என்கிறது. நான்கு தடவை நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். தவறாம்.

அப்போதுதான் எனக்கு வேலை அனுப்பும் மேலாளர் போனில் வந்தார். "என்னங்க, பெரிய சிக்கல்ல இருக்கேன், போன்ல பேச முடியாதுன்னு மெயில் போட்டிருக்கீங்க. போன் பண்ணா முதல் ரிங்லயே எடுக்குறீங்க?"

நான் எதுவும் போடவில்லை என்றேன். அவர் படித்துக் காட்டினார். "இருக்கிறீர்களா? பெரிய சிக்கலில் இருக்கிறேன். போனில் பேச முடியாது. இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள்." நேற்று மாலை வந்ததாம். அலுவலகத்தில் இன்னும் மூன்று பேருக்கு அதே மெயில். "உங்க மெயில்ல இருக்குற அத்தனை பேருக்கும் போயிருக்கும். கணக்கு உங்க கைக்கு வர்ற வரைக்கும் எதுவும் அனுப்ப முடியாதுங்க. எல்லாம் வெளிய போகக் கூடாத பேச்சு, உங்களுக்கே தெரியும்."

அத்தனை பேருக்கும் — அப்படியென்றால் அக்காவுக்கும்.

நேராகக் கவுண்டருக்குப் போனேன். கொண்டைக்காரி வந்திருந்தாள். 'இலவசம்' என்றதுமே கண்ணை விரித்தாள். "எங்க கடையில அப்படி ஒண்ணு கிடையாதே மேடம்! எவனோ கடைக்குள்ளயே உக்காந்து எங்க பேர்ல ஒரு வை-ஃபை வச்சு விட்டிருக்கான். தினம் வந்து கேப்பீங்களே, நேத்து மட்டும் ஏன் கேக்கல?"

என்ன பதில் சொல்வது? ஆள் புதுசாக இருந்தார், கூச்சமாக இருந்தது என்றா? ஐம்பத்திரண்டு வயதில்?

மார்ச் 11, புதன்

லேப்டாப் பழுதுபார்க்கும் கடை. இரண்டாம் மாடி, ஆள் நுழைய மட்டும் இடம். உரிமையாளர் நெற்றியில் பட்டை கட்டி அதில் ஒரு டார்ச் வைத்திருக்கிறார். பேசும்போதும் அணைப்பதில்லை, திட்டு வாங்கும்போது கண் கூசுகிறது.

"மெயில் பாஸ்வேர்ட நீங்களே டைப் பண்ணிக் குடுத்தீங்களா?"

"ஆமா."

"யாரும் கழுத்துல கத்தி வைக்கலையே?"

"இல்ல."

"சரி. அப்ப கேட்டுக்குங்க. வெளிய போய் உக்காந்தா, கடைக்காரங்ககிட்ட வாயத் தொறந்து இதுதான் உங்க வை-ஃபையான்னு கேளுங்க. இணையம் குடுக்க எவனுக்கும் உங்க மெயில் பாஸ்வேர்டு தேவையில்ல. கேட்டான்னா திருடன். மெயிலு, பேங்க் மாதிரி வேலைக்கெல்லாம் உங்க போன் இணையத்தையே லேப்டாப்புக்குக் குடுங்க. அப்புறம் இந்த தானா இணையிற வசதி இருக்கே, அத மொதல்ல அணைங்க. பழைய பேர்ல எவன் கூப்பிட்டாலும் உங்க லேப்டாப்பு ஓடிப் போய் ஒட்டிக்கும்."

உன்னைப் போலத்தான் என்று மனம் சொன்னது. மனதுக்கு வேறு வேலை இல்லை.

சில பொத்தான்களை அமுக்கினார். திரையில் வரி வந்தது: மீட்பு எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பவா? நட்சத்திரம் நட்சத்திரமாக ஒரு எண், கடைசியில் மட்டும் 47. "நல்ல வேளை, திருடன் இத மாத்தக் கேட்டிருக்கான், ஆனா பதினேழாந்தேதிதான் மாறும்னு போட்டிருக்கு. அதுக்குள்ள எடுத்துடலாம். இது உங்க நம்பர்தானே?"

இல்லை. கணக்குத் தொடங்கிய காலத்தில் என்னிடம் சொந்தப் போன் கிடையாது. தான் வேலை பார்த்த தபால் நிலையத்தில் மதிய இடைவேளையில் பக்கத்தில் உட்காரவைத்து, கணக்கைத் திறந்துகொடுத்து, தன் எண்ணைப் போட்டவள் அக்கா. 47-இல் முடிவது அவள் எண்.

"அக்காவோடது."

"அட, அவ்வளவுதானே? போன் போட்டு நம்பரக் கேளுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

அப்புறம் வருகிறேன் என்று லேப்டாப்பை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். படியிறங்கும்வரை அந்த டார்ச் வெளிச்சம் முதுகில் இருந்தது.

மார்ச் 13, வெள்ளி

முடியல. நெஜமாவே முடியல. போன எடுக்குறேன், அவ நம்பர்ல ஆறு இலக்கம் அழுத்துறேன், வச்சிடுறேன்.

என்ன சொல்லிக் கூப்பிடுவது? மூன்று வருஷம் கழித்து, நல்லா இருக்கியா என்று கேட்கக்கூட இல்லை, 'உன் போனுக்கு ஒரு நம்பர் வரும், சொல்லு.' இதைக் கேட்கத்தான் கூப்பிட்டாயா என்பாள். அதைக்கூடக் கேட்க மாட்டாள். வைத்துவிடுவாள்.

புதுக் கணக்கு தொடங்கினால் என்ன? தொடங்கலாம். அந்தப் பழைய கணக்கு எவன் கையிலோ இருக்கும், என் பெயரில் எல்லோரையும் உதவி கேட்டுக்கொண்டே இருப்பான். அக்காவையும்.

மார்ச் 15, ஞாயிறு

நாளைக்கு விட்டால் இல்லை.

மார்ச் 16, திங்கள்

மதியம், காபிக் கடைக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து கூப்பிட்டேன். மடியில் லேப்டாப், என் போன் இணையத்தில். குறியீட்டை அனுப்பச் சொல்லி அமுக்கிவிட்டேன், அது பத்து நிமிஷம்தான் செல்லும்.

ஐந்தாவது மணியில் எடுத்தாள். "யாரு?"

"அக்கா. நான்."

பின்னால் குக்கர் சத்தம் மட்டும்.

"மெயில் திருடு போயிடுச்சு. உன் போனுக்கு ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும். அத... அதச் சொன்னா திரும்பக் கிடைக்கும்."

"வந்திருக்கு." அவ்வளவுதான். பிறகு, "யாருக்கும் சொல்லாதீர்கள்னு அதுலயே போட்டிருக்கு. நீ அவதான்னு எனக்கு எப்படித் தெரியும்? நம்பர் புதுசு. அடுத்தவங்க குரல இப்ப கம்ப்யூட்டர்ல யாரு வேணும்னாலும் பண்றாங்களாம்."

தபால் நிலைய கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள். கையெழுத்து ஒரு சுழி மாறியிருந்தாலும் எதிரே நிற்பது பக்கத்து வீட்டுக்காரரே ஆனாலும் திருப்பி அனுப்பியவள்.

"என்ன வேணும்னாலும் கேளு" என்றேன். பிறந்த தேதி கேட்பாள், பள்ளிக்கூடத்தின் பெயர் கேட்பாள் என்று நினைத்தேன்.

"அப்பா போன அன்னைக்கு, எல்லார் முன்னாடியும், என்கிட்ட என்ன சொன்ன?"

படியில் இரண்டு பேர் ஏறிப்போனார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தேன். திரையில் நேரம் குறைந்துகொண்டிருந்தது. ஏழு நிமிஷம். ஆறு.

சொன்னேன்.

"கேக்கல. சத்தமா." அவளுக்கு இடது காது மந்தம். போனை எப்போதும் அந்தக் காதில்தான் வைப்பாள்.

"நான் பாத்துக்கிட்டிருந்தா அப்பா இன்னும் உயிரோட இருந்திருப்பாருன்னு சொன்னேன்." மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. காபிக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "அபாண்டம்கா. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

குக்கர் மறுபடி கத்தி ஓய்ந்தது.

"நீதான்" என்றாள். "எழுதிக்கோ." ஆறு இலக்கங்களையும் இரண்டு தடவை, கவுண்டரில் முகவரி ஒப்பிடும் அதே குரலில் படித்தாள். நான் திருப்பிச் சொன்னேன். சரி என்று வைத்துவிட்டாள்.

கணக்கு திறந்தது. அதைப் பார்க்கக் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

டார்ச்காரர் பாஸ்வேர்டை மாற்றவைத்தார், திருடனை அவன் நுழைந்திருந்த இடங்களிலிருந்தெல்லாம் வெளியேற்றினார். இனி பாஸ்வேர்டு மட்டும் போதாது. உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் போனுக்கு வரும் குறியீடும் வேண்டும். "இது அக்கா நம்பருக்கே போகுது. உங்க நம்பருக்கு மாத்திடவா?" என்றார். நானே மாற்றிக்கொள்கிறேன் என்றேன்.

பிறகு அவர் ஒன்றைக் காட்டினார். எனக்கு வந்த பதில்களை நான் பார்த்துவிடாமல் இருக்க, எல்லாவற்றையும் நேராகக் குப்பைக்கு அனுப்பிவிடும்படி திருடன் ஏற்பாடு செய்திருந்தான். குப்பையைத் திறந்தோம். எத்தனையோ பேருக்குப் போன மெயிலுக்கு ஒன்பது பேர் பதில் எழுதியிருந்தார்கள்.

அக்காவுடையது மூன்று. கடையிலேயே குறித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து எழுதுகிறேன், அவள் எழுதியபடியே.

மெயில் போனது 5.12-க்கு. அவள் முதல் பதில் 5.16-க்கு: "எங்கே இருக்கிறாய்? முகவரி அனுப்பு. கிளம்பி வருகிறேன்."

அதற்குத் திருடன், வர வேண்டாம், பணம் போலச் செல்லும் பரிசு அட்டை வாங்கி அதன் எண்ணை அனுப்பு என்று எழுதியிருக்கிறான். அக்கா: "நீ அவள் இல்லை. அவள் என்னிடம் எதையும் கேட்டு வாங்கமாட்டாள். அவளை என்ன செய்தாய்?"

மூன்றாவது, மறுநாள் காலை: "அவளுடைய போன் எண் என்னிடம் இல்லை. இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், அவள் நலமாக இருக்கிறாளா என்பதை மட்டும் தெரிவிக்கவும்."

திருடன் பதில் போடவில்லை.

நான்கு நிமிஷம். மூன்று வருஷமாக நான் காத்திருந்தது இந்த நான்கு நிமிஷத்துக்கு. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்க ஒரு திருடன் வரவேண்டியிருந்தது. வெட்கமாக இருக்கிறது, அழுகையாகவும் வருகிறது.

மார்ச் 19, வியாழன்

வேலை திரும்ப வந்தது. மெயிலைத் திறக்கக் குறியீடு வேண்டும். ஒன்பதரைக்குக் கூப்பிட்டேன்.

"மறுபடியுமா?" என்றாள்.

"இனிமே ஒவ்வொரு தடவையும் வரும்கா. பாதுகாப்புக்கு."

"உன் நம்பருக்கு மாத்திக்க வேண்டியதுதானே?"

"மாத்தணும்."

"சரி. எனக்கு முட்டி ஆபரேஷன் எந்த மாசம் நடந்துச்சு?"

எனக்குத் தெரியாது. ஆபரேஷன் நடந்ததே தெரியாது. யார் கூட இருந்தார்கள்? யார் கைபிடித்து நடக்கவைத்தது? "தெரியாதுக்கா" என்றேன்.

"ம். திருடனா இருந்தா ஏதாவது ஒரு மாசத்த அடிச்சுவிட்டிருப்பான். எழுதிக்கோ."

மார்ச் 24, செவ்வாய்

இன்றைய கேள்வி: சின்ன வயதில் அவள் புதுக் குடையை யார் உடைத்தது? நான் என்றேன். "இத்தனை நாள் இல்லன்னு சாதிச்சியே!" என்றாள். சிரித்தாளா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. மூச்சு மாதிரி ஏதோ கேட்டது.

மார்ச் 30, திங்கள்

புது பாஸ்வேர்டு. கொண்டைக்காரியிடம் கேட்டேன். "பேரு சரியா பாத்துக்குங்க மேடம்" என்று மேஜைக்கே வந்து திரையில் விரல் வைத்துக் காட்டினாள். பிறகு அக்காவைக் கூப்பிட்டேன். முட்டி மழைக்கு வலிக்கிறதாம்.

ஏப்ரல் 2, வியாழன்

டார்ச்காரர் காபி வாங்க வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். டார்ச் இல்லாமல் முதலில் அடையாளம் தெரியவில்லை. இன்னும் எண்ணை மாற்றவில்லை என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். "அவங்க போன் தொலைஞ்சுதுன்னா? வெளியூர் போனாங்கன்னா? திருடன்கிட்ட இருந்து மீட்டு அக்கா தலையில கட்டி வச்சிருக்கீங்களே! அவங்களுக்கும் தினம் ஒரு வேலை."

அது உண்மை. அவளுக்கும் தினம் ஒரு வேலை. ஓய்வு பெற்றவள், முட்டி வலியோடு போனைத் தேடி எழுந்து வருகிறாள். நான் பேச ஆள் வேண்டுமென்று அவளை எழுப்பிக்கொண்டிருக்கிறேன். மாற்றிவிட்டேன். திரை கேட்டது: பழைய எண்ணை நீக்கவா? ஆம் என்றேன். 47 போய்விட்டது.

ஏப்ரல் 3, வெள்ளி

ஒன்பதரைக்குக் குறியீடு என் போனுக்கே வந்தது. அடித்தேன், திறந்தது. இரண்டு நொடி. எந்தக் கேள்வியும் இல்லை. காதில் மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். ஏதோ குடியிருப்போர் கூட்டம், தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சண்டை. ஒரே இடத்தை மூன்று தடவை கேட்டும் மனதில் ஏறவில்லை.

பத்தே காலுக்குப் போன் அடித்தது. அக்கா. மூன்று வருஷத்தில் அவளாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"மணி பத்தே காலாச்சு. இன்னைக்கு ஏன் நம்பர் கேக்கல?"

"என் நம்பருக்கு மாத்திட்டேன்கா."

"யாரு மாத்தச் சொன்னது?"

"நீதானே சொன்ன."

"சொல்லுவேன். ஆயிரம் சொல்லுவேன். நீ எதக் கேட்டிருக்க?" தண்ணீர்த் தொட்டிக்காரர்கள் என் கழுத்தில் தொங்கும் இயர்போனில் சன்னமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். "சரி, அதுக்காகக் கேள்விய விட முடியாது. யாரு எடுத்திருக்காங்கன்னு எனக்குத் தெரியணும்ல. காலைல சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்" என்றேன்.

"பொய்" என்றாள். "நீதான்."

போனை வைத்த பிறகு கவுண்டருக்குப் போய் ஒரு பன் வாங்கிச் சாப்பிட்டேன்.